பச்சை வேலை, வெறுங்கூரை

போன மாதம் இங்கே மலேசியாவில், கெடா லூனாஸ் பக்கம் ஒரு பழைய ரப்பர் ஆலைக் கூரையில் சோலார் போடும் வேலைக்கு விலை எழுதிக் கொடுத்தேன். கூரையில் நடக்கப் பலகை, ஓரத்தில் தடுப்புக் கம்பி, பாதுகாப்பு பெல்ட்டின் கொக்கியை மாட்டக் கம்பிவடம், கீழே வலை, எல்லாம் சேர்த்து ஒன்பதாயிரம் வெள்ளி என்று தனி வரியாக எழுதியிருந்தேன். மெயின் குத்தகைக்காரர் போன் போட்டார். "அண்ணே, பேனல்லயும் இன்வெர்ட்டர்லயும் கை வைக்க முடியாது, அந்த ஒன்பதாயிரத்த கொஞ்சம் பாருங்க."

என்னத்தைப் பார்ப்பது? ஏறிப் பார்த்தவனுக்குத்தான் அந்தக் கூரை தெரியும். பாதி அஸ்பெஸ்டாஸ் ஷீட், நடுநடுவே வெளிச்சத்துக்குப் போட்ட பிளாஸ்டிக் ஷீட், அதுவும் தூசியும் பாசியும் படிந்து பக்கத்து ஷீட் நிறத்துக்கே வந்துவிட்டது, தெரியாமல் கால் வைத்தால் நேரே உள்ளேதான். அஸ்பெஸ்டாஸில் துளை போடும்போது பறக்கும் தூசியால் நோய் வர இருபது முப்பது வருடம்கூட ஆகும், அப்போது எந்தக் குத்தகைக்காரரைத் தேடிப் போவது? அப்புறம் கரண்ட். மெயின் சுவிட்சை அடைத்தால் போதும் என்று நினைக்கிறார்கள், வெயில் இருக்கும்வரை பேனல் ஒயரில் கரண்ட் இருக்கும்.

என் அம்மா தோட்டத்தில் மருந்து அடித்த காலத்தில் கையுறையையும் 'செலவு' என்றுதான் சொன்னார்கள்.

2009-இல் இங்கே வந்த ஜிபிஐ (Green Building Index) என்ற கட்டடப் பசுமைச் சான்றிதழில் ஆறு தலைப்பில் புள்ளி போடுகிறார்கள், 86 எடுத்தால் உச்ச நிலையான பிளாட்டினம். அந்த ஆறில் வேலைப் பாதுகாப்புக்கென்று தனித் தலைப்பு கிடையாது. அது சட்டத்தின் வேலை என்பார்கள், சரி. சட்டமும் சும்மா இல்லை, கடமை தவறும் முதலாளிக்கு 50,000 வெள்ளியாக இருந்த உச்ச அபராதம் 2024 ஜூன் 1 முதல் 500,000. ஆனால் அபராதம் ஆள் விழுந்த பிறகு வருகிறது, விலைப் பேரம் அதற்கு முன்னாலேயே முடிந்துவிடுகிறது. பாதுகாப்பை எழுதினவன் விலை கூடுது, எழுதாதவனுக்கு வேலை கிடைக்கிறது.

அதனால்தான் சொல்கிறேன், டெண்டரிலேயே இந்தத் தொகையைக் கட்டட உரிமையாளர் நிரப்பிக் கொடுக்கட்டும். எல்லாருக்கும் ஒரே தொகை, பேரம் கிடையாது, வலையும் கம்பிவடமும் கூரையில் ஏறியதைப் பார்த்த பிறகுதான் காசு. சோலார் போட்டு மின்சாரக் கட்டணத்தை மிச்சம் பிடிக்கப்போவது அவர்தானே?

வேலை வேறொருவருக்குப் போய்விட்டது. நேற்று மோட்டாரில் அந்தப் பக்கம் போனேன். கூரையில் நாலு பையன்கள். எல்லார் இடுப்பிலும் பெல்ட் இருந்தது, கொக்கி பின்னால் ஆடிக்கொண்டிருந்தது.