லேபை விட்டுவிட்டீர்களே

மருத்துவமனைத் தொற்றைத் தடுக்கக் கை கழுவினாலே போதும் என்கிறது நீங்கள் வெளியிட்ட கட்டுரை. கை கழுவுவது முக்கியம்தான். 1847-லேயே வியன்னாவில் டாக்டர் செம்மல்வைஸ் அதைக் காட்டிவிட்டார். ஆனால் எந்தக் கிருமி என்று கண்டுபிடிக்கும் லேபைப் பற்றி ஒரு வரிகூட இல்லையே!

எங்கள் ஊர் பாலக்கோடு. தருமபுரியில் ஒரு தனியார் மருத்துவமனையில் அப்பாவுக்கு இடுப்பு எலும்பு ஆபரேஷன். ஆறாம் நாள் தையலில் சீழ் வைத்துவிட்டது. மூன்று ஆன்டிபயாடிக் மாற்றி மாற்றிப் போட்ட பிறகுதான் சீழை எடுத்து, கிருமியை வளர்த்துப் பார்க்கும் கல்ச்சர் சோதனைக்கு அனுப்பினார்கள். மருந்து ஏறிய பின் எடுத்தால் கிருமி வளராமலே போகலாம் என்பது எங்களுக்கு அப்புறம்தான் தெரிந்தது. நல்லவேளை, வளர்ந்தது: பல ஆன்டிபயாடிக்குக்கு அடங்காத எம்.ஆர்.எஸ்.ஏ. கிருமி. ரிப்போர்ட்டைப் பார்த்து வான்கோமைசின் என்ற ஆன்டிபயாடிக் ஏற்றிய பிறகே காய்ச்சல் விட்டது. அந்தப் பத்து நாள் அம்மா சரியாகச் சாப்பிடவே இல்லை.

ஒரே வார்டில் மூன்று பேருக்கு ஒரே கிருமி, அதே மருந்துகளுக்கு எதிர்ப்பு என்றால், அது கட்டிலுக்குக் கட்டில் பரவுகிறதோ என்ற சந்தேகம் முதலில் எழுவது லேப் பதிவேட்டில்தான். டாக்டர் அவரவர் நோயாளியைப் பார்க்கிறார்; எல்லாக் கட்டிலையும் சேர்த்துப் பார்ப்பது லேப்.

பென்னாகரம், அரூர் பக்கம் ஆபரேஷனுக்குச் சேர்ப்பவர்கள் அட்மிஷன் போடும்போதே கேட்டுவிடுங்கள்: கல்ச்சர் எங்கே செய்வீர்கள், ரிப்போர்ட் எத்தனை நாளில் வரும்?