எழுந்து நிற்க வைத்தீர்களே, அந்தப் பிள்ளைகளுக்காக

அந்த வீடியோவை நீங்களும் பார்த்திருப்பீர்கள். நேற்று முதல் என் வாட்ஸப்பில் "செம ஸ்பீச் டீச்சர், உங்க பிள்ளைங்களுக்குப் போட்டுக் காட்டுங்க" என்று வந்துகொண்டே இருக்கிறது. காட்ட மாட்டேன். நீட் இரண்டாவது முறை எழுதப் போகும் பிள்ளைகளைக் கூட்டத்துக்கு நடுவே எழுந்து நிற்கச் சொல்லி, "உங்களுக்கு வெறி இருந்திருந்தா போன வருஷமே உள்ள போயிருப்பீங்க" என்று மைக்கில் சொன்னவரின் பேச்சை என் வகுப்பில் ஓட விட மாட்டேன். மூன்றாவது வரிசையில் தலையைக் குனிந்துகொண்டு நின்ற அந்தப் பையனைப் பார்த்த பிறகு எப்படிக் கை தட்டினீர்கள்?

அந்தப் பிள்ளைகளிடம் வெறி இல்லாமல் இல்லை. எங்கே மார்க் போனது என்று அவர்களோடு உட்கார்ந்து பார்த்துச் சொல்ல ஆள் இல்லை. அதைச் செய்யாமல் இன்னொரு வருஷத்தை எடுத்துக்கொள்வதுதான் வீண்.

நீட்டின் பாதிப்பை ஆராயத் தமிழக அரசு அமைத்த ஏ.கே. ராஜன் குழுவின் அறிக்கையைப் பாருங்கள். தமிழ்நாட்டில் மருத்துவ இடம் பெற்றவர்களில் மறுமுறை எழுதியவர்கள் 2016-17ல் 12.47 சதவீதம். 2020-21ல் 71.42 சதவீதம். பத்தில் ஏழு பேர். நாளைக்கு நெஞ்சு வலி என்று ஜிஎச்சுக்குப் போனால் உங்கள் கையைப் பிடித்து நாடி பார்க்கும் ஹவுஸ் சர்ஜன், அதாவது பயிற்சி டாக்டர், அவர்களில் ஒருவராக இருக்கத்தான் வாய்ப்பு அதிகம். வயதுக்கு உச்சவரம்பு இல்லை, இத்தனை முறைதான் என்ற கட்டுப்பாடும் இல்லை. விதி அனுமதிப்பதைச் செய்கிற பிள்ளையை ஏன் குற்றவாளி மாதிரி நிற்க வைக்க வேண்டும்? நீட்டுக்கு முன்னால் மாநில நுழைவுத் தேர்வு இருந்த காலத்தில் பிளஸ் டூ இம்ப்ரூவ்மெண்ட் எழுதி மெடிக்கல் போனவர்கள் இன்று பெரிய டாக்டர்களாக இருக்கிறார்கள். அவர்களிடம் போய் யாராவது வெறியைப் பற்றிப் பேசுகிறார்களா?

என் தம்பி மகள் கதையைச் சொல்கிறேன். முதல் முறை சீட்டுக்குக் கொஞ்சம் கீழே நின்றுவிட்டாள். தம்பி நகையை அடகு வைத்து நாமக்கல் பக்கம் ஒரு ஹாஸ்டல் கோச்சிங்கில் சேர்த்தான். அங்கே எல்லோருக்கும் முதல் பக்கத்திலிருந்து அதே பாடம். "அத்தை, செல் பயாலஜி மறுபடியும் ஆரம்பத்துல இருந்து நடத்துறாங்க, எனக்கு அது மனப்பாடம்" என்று போனில் சொல்லுவாள். பயாலஜி அவளுக்கு முதல் தடவையே நன்றாகத்தான் இருந்தது. பிசிக்ஸுக்குக் கூடுதல் நேரம் கேட்டால் "பேட்ச் டைம்டேபிளை மாத்த முடியாது" என்றார்களாம்.

பொங்கலுக்கு வீட்டுக்கு வந்தபோதுதான் அவளுடைய ஓஎம்ஆர் விடைத்தாள் நகலையும் விடைக்குறிப்பையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தோம். தவறான ஒவ்வொரு கேள்விக்கும் காரணம் எழுதச் சொன்னேன். பாடமே தெரியாதது, தெரிந்தும் கணக்கில் சறுக்கியது, நேரம் இல்லாமல் விட்டது, கடைசி நிமிஷத்தில் குத்துமதிப்பாகக் கருப்படித்தது. சுழல் இயக்கத்திலும் மின்னோட்டத்திலும் கணக்குகளை அப்படியே விட்டிருந்தாள். அதைவிட மோசம், கடைசியில் குத்துமதிப்பாகப் போட்டவை. சரியான விடைக்கு 4, தவறுக்கு மைனஸ் 1. தெரிந்த கேள்வியைத் தப்பாகப் போட்டால் மொத்தம் 5 மார்க் இறங்கும். 720க்குக் கணக்குப் போட்டுப் பாருங்கள், அப்படி ஒரு பத்துக் கேள்வி போதும், சீட் கையை விட்டுப் போக. இதை அந்த ஹாஸ்டலில் ஒருவர்கூட அவளுக்குப் பார்த்துச் சொல்லவில்லை. ஃபீஸ் மட்டும் முதல் நாளே வாங்கிவிட்டார்கள். இப்போது அவள் தெற்கே ஓர் அரசு மருத்துவக் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு. அவளிடம் வெறி கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

"போன வருஷம் பக்கத்து வீட்டுப் பையன் 620 எடுத்தானே" என்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. 2024ல் 600 எடுத்தும் நல்ல இடம் கிடைக்காமல் அழுத பிள்ளைகள் உண்டு. 2025ல் பிசிக்ஸ் அவ்வளவு கடினம். முதலிடமே 686. 600க்கு மேல் எடுத்தவர்கள் நாடு முழுக்க ஆயிரத்துச் சொச்சம் பேர்தான். ஒரு வருஷத்து மார்க்கை இன்னொரு வருஷத்தோடு ஒப்பிட்டுப் பிள்ளையைத் திட்டுகிறவர் ரேங்க்கைப் பார்க்கவே இல்லை என்று அர்த்தம்.

மார்க் மட்டும் இல்லை, சான்றிதழிலும் சீட் போகிறது. இதை எந்த மேடையும் பேசாது. மாநில அரசுக் கல்லூரி இடங்களில் 15 சதவீதமான அகில இந்திய ஒதுக்கீட்டில் ஓபிசி இடம் வேண்டும் என்றால் மத்திய அரசுப் படிவத்தில் ஓபிசி சான்றிதழ் வேண்டும், கையில் இருக்கும் மாநில பிசி, எம்பிசி சான்றிதழ் போதாது. அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கான 7.5 சதவீத ஒதுக்கீட்டுக்கு ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்ததற்கு அத்தாட்சி வேண்டும். நடுவில் ஊர் மாறி இரண்டு மூன்று பள்ளிகளில் படித்த பிள்ளை கவுன்சிலிங் வாரத்தில் ஒவ்வொரு தலைமை ஆசிரியரின் கையெழுத்துக்கும் பஸ் ஏறி அலைவதைப் பார்த்திருக்கிறேன். முதல் பட்டதாரி, இருப்பிடம், வருமானம் எல்லாம் ஈ-சேவையில் எப்போது வரும் என்று யாருக்குத் தெரியும்? மறுபடி எழுதப் போகிறவர்கள் இதையெல்லாம் முன்கூட்டியே முடித்து வைத்துவிட வேண்டும்.

"அப்போ டீச்சர் நீட்டை ஆதரிக்கிறீங்களா" என்று உடனே கமெண்ட் வரும். இல்லை. 2021ல் சட்டமன்றம் நீட் விலக்கு மசோதா நிறைவேற்றியதும், ஆளுநர் திருப்பி அனுப்பியதும், 2022 பிப்ரவரியில் மறுபடி நிறைவேற்றியதும், கடைசியில் ஒப்புதல் மறுக்கப்பட்டதும் எனக்கும் வலிக்கிறது. அதற்காக மே மாதம் பரீட்சை எழுதப் போகிற பிள்ளையிடம் பொறுத்திரு என்று சொல்ல முடியுமா?

"ஒரு வருஷம் வேஸ்ட், வேற கோர்ஸ் சேரலாமே" என்பவர்களிடம் கொஞ்சம் நியாயம் இருக்கிறது. கால்நடை மருத்துவத்துக்கு மாநில ஒதுக்கீட்டில் பிளஸ் டூ மார்க்கே போதும், அதற்கும் கட்டாயம் விண்ணப்பிக்கட்டும். ஆனால் இந்த அறிவுரை யாருக்குச் சொல்லப்படுகிறது என்று கவனித்தீர்களா? பையனுக்கு இல்லை. பெண்ணுக்கு.

இதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. என்னிடம் படித்த ஒரு பெண், முதல் முறையிலேயே எங்கள் பள்ளியில் யாரும் எடுக்காத மார்க் எடுத்தாள். இன்னும் ஒரு வருஷம் கொடுத்திருந்தால் உறுதியாகச் சீட் வாங்கியிருப்பாள். அவள் அப்பா வாசலில் நின்றே பேசினார். "பொம்பளப் புள்ளைய வீட்டுல ஒரு வருஷம் உட்கார வச்சா நாலு பேரு கேப்பாங்க டீச்சர்." அவளை பிகாமில் சேர்த்தார். மறு வருஷம் அதே வீட்டில் தம்பி அவளைவிடக் குறைந்த மார்க் எடுத்தான். அவனுக்குக் கோச்சிங், ஹாஸ்டல், தனியாக டெஸ்ட் சீரிஸ். அந்த நாலு பேர் அப்போது எங்கே போனார்கள்? அந்த மேடையில் பேசியவர் எழுந்து நின்றவர்களில் பெண்கள் எத்தனை பேர் என்று எண்ணிப் பார்த்தாரா? நான் வீடியோவை நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன். மிகக் குறைவு. வெறி இல்லாததால் அவர்கள் அங்கே இல்லாமல் போகவில்லை. வீட்டில் இரண்டாவது வருஷத்தை யாரும் கொடுக்கவில்லை.

"டீச்சர், நீங்க ஓவரா உணர்ச்சிவசப்படுறீங்க" என்று எழுதப் போகிறவர்கள் தாராளமாக எழுதுங்கள்.

எங்கள் ஊர்ப் பக்கம் மறுபடி எழுத நினைக்கிற பிள்ளைகள், முக்கியமாகப் பெண் பிள்ளைகள், ஓஎம்ஆர் நகலையும் விடைக்குறிப்பையும் எடுத்துக்கொண்டு சனிக்கிழமை மதியம் பள்ளிக்கு வரலாம். பயாலஜியை நான் பார்க்கிறேன். பிசிக்ஸுக்கு எங்கள் சார் ஒப்புக்கொண்டிருக்கிறார். ஃபீஸ் கிடையாது. அப்பாவையும் கூட்டிக்கொண்டு வாருங்கள், அவரிடம் நான் பேச வேண்டும்.