ஜிஜிகாக்காரனிடம் "நீ யார் பக்கம்?" என்று கேட்காதீர்கள்

ஞாயிற்றுக்கிழமை நேரலையில் அந்தப் பெரியவர் பேசியதைக் கேட்டிருப்பீர்கள். "எத்தியோப்பியாவில் இருக்கிற சோமாலிகளுக்கு நாட்டுப்பற்றே கிடையாது, மனசெல்லாம் மொகதிசுவில்" என்றார்; அதாவது சோமாலியாவின் தலைநகரில். நான் பதில் சொல்ல ஆரம்பித்ததும் என் மைக்கை அணைத்துவிட்டார்கள். சரி, இங்கே எழுதுகிறேன்.

எத்தியோப்பியாவின் சோமாலி மாநிலத் தலைநகரான ஜிஜிகாவில் நான்கு வருஷம் பாடம் நடத்தியவள் நான். அங்கே இருப்பவர்களிடம் நீ யார் பக்கம் என்று கேட்பதே தப்பு. அவர்கள் எங்கிருந்தும் வந்து குடியேறவில்லை. பிரிட்டன்காரன் தன் பிடியில் இருந்த, சோமாலிகள் வாழும் ஒகாடனை 1948இலும் ஹவுத் மேய்ச்சல் நிலத்தை 1954 ஒப்பந்தத்திலும் எத்தியோப்பியத் தலைநகர் அடிஸ் அபாபாவிடம் ஒப்படைத்தபோது, அங்கே ஒட்டகம் மேய்த்தவனை யாராவது ஒரு வார்த்தை கேட்டார்களா?

"1977இல் படையெடுத்தது சோமாலியாதானே?" என்பீர்கள். ஆமாம், அப்போது சோமாலியாவை ஆண்ட சியாத் பாரேதான் படையை அனுப்பினார். சோமாலிகள் வாழும் ஐந்து பகுதிகளைக் குறிக்கும் சோமாலியக் கொடியின் ஐந்து முனை நட்சத்திரத்தில் ஒரு முனை ஒகாடன். எத்தியோப்பியனுக்கு அந்தப் பயம் இருக்கத்தான் செய்யும். என்னோடு வேலை பார்த்த அம்ஹாரா இன ஆசிரியரின் அப்பா அந்தப் போரில் உயிரை விட்டவர். எத்தியோப்பியா அந்தப் போரின் வெற்றியைக் கொண்டாடும் காராமாரா நாளான மார்ச் 5 வந்தால் மனுஷர் யாரிடமும் பேசமாட்டார். அவர் வலியை நான் குறைத்துச் சொல்லவில்லை.

ஆனால் என் மாணவன் ஒருவனின் பாட்டி கதையையும் கேளுங்கள். 1978இல் எத்தியோப்பியப் படையும் கியூபாப் படையும் ஜிஜிகாவை மீட்டபோது, கைக்குழந்தையோடு எல்லை தாண்டி அன்றைய சோமாலியாவின் வடக்கே ஹர்கேசா பக்கம் அகதியாகப் போனார். பத்தே வருஷம். 1988இல் ஹர்கேசா மேல் குண்டு போட்டது யார்? அதே சியாத் பாரே. விமானங்கள் கிளம்பியது அந்த ஊர் விமான நிலையத்திலிருந்தே! தப்பித்த ஜனம் எங்கே ஓடியது? எத்தியோப்பியாவுக்கு, ஹர்திஷேக் முகாமுக்கு. பாட்டியும் அப்படித்தான் திரும்பி வந்தார். எந்தப் பக்கம் அவரைக் காப்பாற்றியது, எந்தப் பக்கம் விரட்டியது? அவரிடம் போய் நாட்டுப்பற்றைப் பற்றிக் கேட்பீர்களா?

அவர் வீட்டில் காலையில் சாப்பிட்டிருக்கிறேன். புளித்த மாவைக் கல்லில் நடுவிலிருந்து சுற்றிச் சுற்றி ஊற்றுவார், நம் தோசை மாதிரியேதான். அது கன்ஜேரோ. மேலே நல்லெண்ணெயும் சர்க்கரையும். நாலு தெரு தள்ளி அம்ஹாரா ஆசிரியர் வீட்டில் தெஃப் என்ற சிறுதானிய மாவில் சுட்ட இன்ஜேரா. இரண்டு வீட்டிலும் மாவு புளிக்கிறது, இரண்டு வீட்டிலும் கையால் பிட்டுத்தான் சாப்பிடுகிறார்கள்.

"அங்கே சம்பளம் வாங்கிவிட்டு அந்த நாட்டுக்கு எதிராக எழுதுகிறாயே" என்று இன்பாக்ஸில் ஒருவர். இதில் எத்தியோப்பியாவுக்கு எதிராக எந்த வரி என்று காட்டுங்கள். உண்மையைச் சொன்னால் இதைக் கேட்டு மனசு வலிக்கிறது. அந்த நாட்டை நான் என் ஊர் மாதிரிதான் நினைக்கிறேன்.

"கிராஞ் காலத்திலிருந்தே பகை" என்று ஒரு வாதம். கிராஞ் என்பவர் எத்தியோப்பியாவின் கிறிஸ்தவ அரசோடு போரிட்ட முஸ்லிம் தளபதி. பதினாறாம் நூற்றாண்டு! அந்தச் சண்டையில் கிறிஸ்தவ அரசருக்குத் துணையாகப் போர்த்துக்கீசியரைக் கூட்டிப்போனது நம் கோழிக்கோட்டுக்கு வந்த வாஸ்கோ ட காமாவின் மகன். அதற்கெல்லாம் இன்றைக்குப் பரீட்சை எழுதுகிற பையன் ஏன் பதில் சொல்ல வேண்டும்? அவனுடைய கெபெலே அட்டையில், அதாவது உள்ளூர் நிர்வாகம் தரும் அடையாள அட்டையில், குடியுரிமை எத்தியோப்பியன், இனம் சோமாலி. அரசாங்கமே இரண்டையும் எழுதி முத்திரை குத்திக் கொடுத்திருக்கிறது. அப்புறம் யார் பக்கம் என்று அவனை நிறுத்திக் கேட்க நாம் யார்?

2024 ஜனவரி 1 அன்று, சோமாலியாவிலிருந்து பிரிந்துவிட்டதாகத் தானே அறிவித்துக்கொண்ட சோமாலிலாந்தோடு எத்தியோப்பியா கடற்கரை ஒப்பந்தம் போட்டது, மொகதிசு கொதித்தது. கடல் இல்லாத அத்தனை பெரிய நாட்டுக்குத் துறைமுகம் வேண்டும்தான், அது வேறு பேச்சு. அந்த வாரம் என் மாணவன் அடிஸ் அபாபாவில் டாக்ஸி ஏறியிருக்கிறான். போனில் அவன் சோமாலியில் பேசியதைக் கேட்டு ஓட்டுநர் திரும்பிப் பார்த்து, "நீ யார் பக்கம்?" என்றாராம். ராத்திரி எனக்குச் செய்தி அனுப்பினான்: "பாதியிலேயே இறங்கிட்டேன் டீச்சர். ரூமுக்கு நடந்தே வந்தேன்."