டிவி ஸ்டாண்டு விற்பவர்கள் கேட்கவே கேட்காத கேள்வி

55 அங்குல டிவி என்பது மூலைக்கு மூலை அளந்த கணக்கு. அதன் அகலம் ஏறத்தாழ 122 சென்டிமீட்டர். இப்போது வரும் பெரும்பாலான டிவிகளுக்குக் கால்கள் நடுவில் இல்லாமல் இரு ஓரங்களிலும் இருப்பதால், மூன்றரை அடி ஸ்டாண்டில் வைத்தால் அவை விளிம்பைத் தொற்றிக்கொண்டுதான் நிற்கும். கடையிலோ நிறத்தைக் கேட்கிறார்கள், அலங்கார விளக்கு வேண்டுமா என்று கேட்கிறார்கள். வீட்டில் சின்னக் குழந்தை இருக்கிறதா என்று மட்டும் கேட்பதே இல்லை.

எனக்கு ஆற்றாமை பொங்குவது இதில்தான். இரண்டு வயதுக் குழந்தைக்கு இழுப்பறை என்பது படிக்கட்டு. கீழறையை இழுத்து, அதன்மேல் ஏறி, டிவியின் விளிம்பைப் பிடித்தால், எடை முழுவதும் முன்பக்கம் சாய்ந்து அத்தனையும் குழந்தையின் மேலேயே விழக்கூடும். டிவியின் பின்புறம் சுவரில் மாட்டுவதற்காக விட்டிருக்கும் திருகுத் துளைகளில் ஒரு பட்டையைப் பொருத்தி, அதைச் சுவரோடு இறுக்கிவிட்டால் இந்த ஆபத்து பெருமளவு குறையும். ஸ்டாண்டின் விலையோடு பார்த்தால் அந்தப் பட்டைக்கு ஆகும் செலவு மிகச் சொற்பம். ஆனாலும் கேட்டால் திருதிருவென விழிக்கிறார்கள்.

போதாக்குறைக்கு, மரத்துகள்களைப் பசையிட்டு அழுத்திச் செய்த பார்ட்டிகிள் போர்டு ஸ்டாண்டுகள் வீடு துடைக்கும் ஈரம் பட்டுப் பட்டு அடியில் உப்பி, திருகுகள் பிடிப்பை இழந்து ஆட்டம் காண்கின்றன. எத்தனை கிலோ தாங்கும் என்பதையாவது பலகையின் பின்னால் அச்சிட்டுத் தந்தால் என்ன?