கீறலையும் சேர்த்துப் படமெடுங்கள்

பழைய காரை விற்பதற்காக முகநூலில் இடப்படும் பதிவுகளில் பெரும்பாலானவை ஒரே அச்சில் வார்த்தவை போலிருக்கின்றன: ‘நல்ல கண்டிஷன், சிங்கிள் ஓனர், விலை இன்பாக்ஸில்.’ சென்ற ஆண்டு என் காரை விற்க முனைந்தபோது நானும் இதையேதான் எழுதினேன். காரைக் கழுவித் துடைத்து, மாலை வெயிலில் நிறுத்தி, அடிபட்ட மூலை தெரியாத கோணமாகப் பார்த்து எடுத்த நான்கு படங்களையும் இணைத்தேன். ‘கடைசி விலை என்ன?’ என்று கேட்டவர்கள் பலர்; நேரில் வந்து பார்த்தவர் ஒருவர்கூட இல்லை.

அவர்களைக் குறை சொல்வதற்கில்லை. காரைப் பற்றி விற்பவருக்குத் தெரிந்தது வாங்குபவருக்குத் தெரியாது என்பதால், எந்தக் காரையும் அவர் சந்தேகத்தோடு பார்த்துக் குறைத்தே விலை கேட்பார்; அந்த விலை கட்டுப்படியாகாமல், நல்ல காரை வைத்திருப்பவர் விற்கும் எண்ணத்தையே கைவிட்டுவிடுவார். பொருளியலாளர் ஜார்ஜ் அக்கர்லாஃப் 1970-இல் பழைய கார்ச் சந்தையை எடுத்துக்காட்டாக வைத்து விளக்கிய சிக்கல் இது. 2001-இல் பொருளியல் நோபல் பரிசைப் பெற்ற மூவரில் அவரும் ஒருவர்.

பத்து நாள் கழித்து அந்தப் பதிவை நீக்கிவிட்டுப் புதிதாக எழுதினேன். பின் பம்பரின் இடது மூலையிலிருந்த கீறலை, அளவு தெரியும்படி பக்கத்தில் ஒரு நாணயத்தைப் பிடித்துப் படமெடுத்துப் போட்டேன். ஓடோமீட்டரின் படத்தோடு, அந்தக் கிலோமீட்டர் கணக்குக்குப் பொருந்தும் சர்வீஸ் பில்களையும் இணைத்தேன் (முகவரியையும் தொலைபேசி எண்ணையும் மறைத்துவிட்டுத்தான்). டயரின் பக்கவாட்டில் தயாரிப்புக் காலத்தைக் குறிக்கும் நான்கு இலக்கங்கள் இருக்கும்; 2319 என்றிருந்தால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம் என்று பொருள். என் காரின் முன் டயர்கள் இரண்டிலும் அதே எண்தான். அதையும், கிளட்ச் சற்று மேலே வந்த பிறகே பிடிக்கிறது என்பதையும் எழுதி, விலையையும் வெளிப்படையாகக் குறிப்பிட்டேன். படித்துப் பார்த்த நண்பர் ஒருவர், “காரை விற்கிறாயா, வாக்குமூலம் கொடுக்கிறாயா?” என்று கேட்டார்.

விலையை இன்பாக்ஸில் ஒளித்துவைக்கும் வழக்கத்தில் எனக்கு உடன்பாடில்லை. ஆளைப் பார்த்து விலை சொல்லப் போகிறார் என்ற ஐயத்தைத் தவிர அதனால் வேறெதுவும் விளைவதில்லை. நேரில் பார்க்காமலே முன்பணம் அனுப்புகிறேன் என்பவரிடமிருந்து ஒதுங்கிவிடுவது நல்லது. ஓட்டிப் பார்க்கக் கேட்பவரின் உரிமத்தைப் பார்த்த பிறகு, நீங்களும் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்துகொள்ளுங்கள்.

இரண்டாவது பதிவுக்கு வந்த விசாரிப்புகள் முதல் பதிவுக்கு வந்தவற்றில் பாதிகூட இல்லை. ஆனால் கேட்டவர்கள் கிளட்சைப் பற்றிக் கேட்டார்கள், டயரைப் பற்றிக் கேட்டார்கள். வாங்க வந்தவர், தான் வரும்வரை காரை ஸ்டார்ட் செய்யாமல் வைத்திருக்கும்படி முன்கூட்டியே சொல்லியிருந்தார். சூடான எஞ்சின் பல குறைகளை மறைத்துவிடும் என்று அறிந்தவர்தான் அப்படிக் கேட்பார். வந்ததும் பானெட்டைத் தொட்டுப் பார்த்தார். பிறகு பின்பக்கம் போய்க் குனிந்து, போனிலிருந்த படத்தையும் பம்பரையும் மாறி மாறிப் பார்த்தார். இரண்டு டயருக்கான பணத்தைக் குறைத்துக்கொள்ளச் சொன்னார், குறைத்துக்கொண்டேன். கீறலைப் பற்றி அவர் ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை.