பெஞ்சில் ஆள் இருப்பது வேறு, பலம் இருப்பது வேறு

நிஜ அமெரிக்கன் ஃபுட்பால் வீரர்களைக் கொண்டு ஆளாளுக்குக் கற்பனை அணி அமைத்து, அவர்கள் களத்தில் ஆடுவதை வைத்து பாயிண்ட் எடுக்கிற விளையாட்டு ஃபேண்டசி ஃபுட்பால். அதில் முறை வைத்து வீரர்களை எடுக்கும் டிராஃப்ட் முடிந்த கையோடு ஆப் ஒரு கிரேடு போட்டுக் கொடுக்கும். ஏ பிளஸ் வாங்கியவர் ஸ்கிரீன்ஷாட் எடுத்து குரூப்பில் போட்டு எல்லோரையும் வெறுப்பேற்றுவார், டி வாங்கியவர் ஆப்பைத் திட்டித் தீர்ப்பார். என்னைக் கேட்டால் இரண்டு பேருமே அதைச் சட்டை செய்ய வேண்டியதில்லை. அந்த கிரேடு பெரும்பாலும் ஆளுக்கு இத்தனை பாயிண்ட் வரும் என்ற கணிப்பைக் கூட்டிப் போட்டது. யாருக்கும் பெரிய காயம் இல்லாத, யாருடைய இடமும் பறிபோகாத ஒரு சீசனுக்கான கணக்கு அது. அமெரிக்கன் ஃபுட்பால் லீக்கான என்எஃப்எல்லில் அப்படி ஒரு சீசனை நான் பார்த்ததில்லை. 2023இல் ஆரன் ராட்ஜர்ஸ் ஜெட்ஸ் ஜெர்சியில் இறங்கி நான்காவது ஸ்னாப்பிலேயே, அதாவது நான்காவது முறை பந்து ஆட்டத்துக்கு வந்தபோதே, குதிகால் தசைநார் அறுந்து வெளியே போனார். அடுத்த வாரமே நிக் சப்பின் முழங்கால் போயிற்று. இவர்களை எடுத்து வைத்திருந்தவர்களுக்கு ஆகஸ்டில் என்ன கிரேடு கிடைத்திருந்தால் என்ன?

அணியை எடைபோட வேண்டிய நேரம் டிராஃப்ட்டின் நடுவில்தான், ஏழாவது எட்டாவது ரவுண்டில். அதற்குள் வாராவாரம் இறங்கும் ஸ்டார்ட்டர்கள் முக்கால்வாசி வந்திருப்பார்கள், இனி எடுப்பவர்கள் பெரும்பாலும் பெஞ்சுக்குத்தான் போவார்கள். நிறைய பேர் அங்கே என்ன செய்கிறார்கள் என்றால் தலையை எண்ணுகிறார்கள். ரன்னிங் பேக் (பந்தோடு ஓடுபவர்) மூன்று, ரிசீவர் (பாஸைப் பிடிப்பவர்) நான்கு, சரி, இன்னொரு ரிசீவர் எடுத்தால் டெப்த் (பெஞ்ச் பலம்) வந்துவிடும் என்று. அந்த ஐந்தாவது ரிசீவர் என்ன நடந்தால் உங்கள் லைனப்புக்குள் வருவார் என்று கேட்டுப் பாருங்கள். உங்கள் ஆட்கள் இரண்டு மூன்று பேர் ஒரே வாரத்தில் இல்லாமல் போக வேண்டும். அப்படியே வந்தாலும் எட்டு ஒன்பது பாயிண்ட் எடுப்பார். அதே அளவு எடுக்கிற ஆள் அந்த வாரம் வெய்வரில், அதாவது லீக்கில் யாரும் எடுக்காத ஆட்களின் பட்டியலில், சும்மா கிடப்பார். பிறகு எதற்கு அவருக்கு ஓர் இடம்?

12 பேர் ஆடும் வழக்கமான லீக்கை எடுத்துக்கொள்வோம். குவார்ட்டர்பேக் (பாஸ் வீசுபவர்) ஒருவர், ரன்னிங் பேக் இரண்டு, ரிசீவர் இரண்டு, டைட் எண்ட் (எதிராளியைத் தடுப்பதும் பாஸைப் பிடிப்பதும் செய்பவர்) ஒருவர், ஒரு ஃப்ளெக்ஸ் (ரன்னிங் பேக், ரிசீவர், டைட் எண்ட் யாரை வேண்டுமானாலும் இறக்கும் இடம்), அப்புறம் கிக்கரும் டிஃபென்ஸும் (ஓர் அணியின் தடுப்பாட்டம் மொத்தமும்). வாரம் 12 குவார்ட்டர்பேக்குகள் போதும், என்எஃப்எல்லில் 32 அணிகள் இருக்கின்றன. மிச்சம் 20 பேர். ரன்னிங் பேக் கணக்கு நேர் எதிர். லீக்குக்கு வாரம் குறைந்தது 24 பேர் வேண்டும், ஃப்ளெக்ஸையும் சேர்த்தால் இன்னும் கூடும். ஆனால் பந்தைப் பெரும்பாலும் ஒருவரிடமே கொடுக்கும் அணிகள் 32இல் பாதி தேறினால் அதிகம். ஆகவே ஒரே குவார்ட்டர்பேக் லீக்கில் ஒன்பதாவது ரவுண்டில் இரண்டாவது குவார்ட்டர்பேக் எடுப்பவரைப் பார்த்தால் எனக்கு உள்ளுக்குள் சந்தோஷமாக இருக்கும். 2024இல் பேக்கர் மேஃபீல்ட் 41 டச்டவுன் பாஸ் வீசினார், சாம் டார்னல்ட் 35 வீசினார். மேஃபீல்ட் கடைசி ரவுண்டுகளில் கிடைத்தார், டார்னல்டைப் பல லீக்குகளில் யாரும் எடுக்கவே இல்லை. இந்த பொசிஷனுக்கு டெப்த் வெய்வரிலேயே இருக்கிறது, அதை உங்கள் பெஞ்சில் வைத்துக் காப்பாற்ற வேண்டாம். இரண்டு குவார்ட்டர்பேக் இறக்கும் சூப்பர்ஃப்ளெக்ஸ் லீக் என்றால் நான் சொன்னதை அப்படியே தலைகீழாக்கிக்கொள்ளுங்கள், அங்கே மூன்றாவது ஆள்கூட தங்கம்.

பெஞ்சுக்கு நான் தேடுவது வழி உள்ள ஆளை. இன்றைக்கு பூஜ்யம் எடுத்தாலும் பரவாயில்லை, ஒரு காயமோ ஒரு கோச்சின் மனமாற்றமோ போதும், அடுத்த வாரம் 20 முறை பந்து அவர் கையில் இருக்கும் என்கிற மாதிரி ஆள். 2024இல் பெரும்பாலான டிராஃப்ட்டுகளில் முதலில் போனவர் ரன்னிங் பேக் கிறிஸ்டியன் மெக்காஃப்ரி. அதற்கு முந்தைய வருடம் ரன்னிங், ரிசீவிங் இரண்டும் சேர்த்து 2,023 யார்டு, 21 டச்டவுன் எடுத்தவர், முதல் பிக்காகப் போனதில் யாரையும் குறை சொல்ல முடியாது. ஆனால் முதல் வாரமே ஆடவில்லை. அவருக்குப் பதில் இறங்கிய ஜோர்டன் மேசன் ஜெட்ஸுக்கு எதிராக 147 யார்டு ஓடினார். மெக்காஃப்ரி அந்த சீசனில் மொத்தமே நான்கு ஆட்டம்தான் ஆடினார்.

இந்தக் கதையைச் சொன்னதும் பலரும் “அதனால்தான் நம் ஸ்டாரின் ஹேண்ட்கஃப்பை, அதாவது அவர் விழுந்தால் இறங்கும் மாற்றை, நாமே எடுக்க வேண்டும்” என்பார்கள். நான் இதை முழுசாக ஏற்கவில்லை. சொந்த ஆளின் மாற்றை எடுப்பது வண்டியில் ஸ்டெப்னி வைத்துக்கொள்வது மாதிரி, டயர் போனால் பழையபடி ஓட்டலாம், வேகம் கூடாது. அடுத்தவர் அணியில் இருக்கும் ஸ்டாரின் மாற்றை நீங்கள் வைத்திருந்து அந்த ஸ்டார் விழுந்தால், உங்கள் இரண்டு ரன்னிங் பேக்கும் அப்படியே இருக்க, மூன்றாவதாக ஒரு முழு ஸ்டார்ட்டர் கிடைக்கிறார். எதிராளி பலவீனமாகிறார், நீங்கள் பலமாகிறீர்கள். விதிவிலக்கு உண்டு. ஸ்டாருக்கு ஏற்கெனவே காலில் ஏதோ கோளாறு, பிரீசீசன் பயிற்சிக்கே வரவில்லை என்று செய்தி அடிபடுகிறது என்றால், கௌரவம் பார்க்காமல் அவருடைய மாற்றையும் எடுத்துவிடுங்கள்.

காயத்துக்குக் காத்திருக்கத் தேவையில்லாத இன்னொரு வகையும் உண்டு, எனக்கு அதுதான் அதிகம் பிடிக்கும். ஓர் அணியின் ரன்னிங் பேக்குகளில் யார் முதல் ஆள் என்று யாருக்கும் தெரியாத பேக்ஃபீல்டு. 2024இல் கரோலினா பேந்தர்ஸ் இரண்டாவது ரவுண்டில் ஜோனதன் புரூக்ஸை எடுத்தார்கள். கல்லூரியில் முழங்கால் தசைநார் அறுந்து தேறிக்கொண்டிருந்தவர். அவர் வந்ததும் இடம் அவருக்குத்தான் என்ற நினைப்பில் சூபா ஹப்பர்டை ஃபேண்டசியில் பின்னுக்குத் தள்ளினார்கள். ஹப்பர்ட் அந்த சீசனில் 1,195 யார்டு ஓடினார். வேலையை ஏற்கெனவே கையில் வைத்திருந்த ஆள், விலை மட்டும் பெஞ்ச் விலை.

அணியின் வடிவமும் முக்கியம். முதல் ரவுண்டுகளில் ரிசீவர்களாகவே அள்ளிக்கொண்டு ரன்னிங் பேக்கைத் தள்ளிப்போட்டவர், எட்டாவது ரவுண்டில் தன் அணியைப் பார்த்துப் பதறக் கூடாது. அது திட்டத்தின் ஒரு பகுதி, அவருடைய பெஞ்சில் ஐந்து ரன்னிங் பேக்குகள் இருந்தாலும் தப்பில்லை. தப்பு எங்கே வருகிறது என்றால், பதறிப்போய் பாதியில் சமநிலைக்குத் திரும்பி, எல்லா இடத்திலும் சுமாரான ஆட்களோடு நிற்கும்போது. “இரண்டு சுமார் ஆளைக் கொடுத்து ஒரு நல்ல ஆளை டிரேடில் வாங்கிக்கொள்ளலாம்” என்று ஒரு சமாதானம் வேறு. எதிரில் இருப்பவரும் இதே விளையாட்டைத்தான் ஆடுகிறார் ஐயா.

பை வீக், அதாவது ஓர் அணிக்கு ஆட்டமே இல்லாத ஓய்வு வாரம், அதைப் பற்றி ஒரு வார்த்தை. 2024இல் ஃபால்கன்ஸ், பில்ஸ், பெங்கால்ஸ், ஜாகுவார்ஸ், செயின்ட்ஸ், ஜெட்ஸ் என்று ஆறு அணிகளுக்கு 12ஆம் வாரம் ஒரே நேரத்தில் ஓய்வு. ஜோஷ் ஆலன், பிஜான் ராபின்சன், ஜமார் சேஸ் மூவரையும் வைத்திருந்தால் அந்த வாரம் கிட்டத்தட்ட காலி. இதற்காக சேஸை விட்டுவிட்டு வேறு ஆளை எடுத்திருப்பீர்களா? நான் எடுக்க மாட்டேன். ஒரு வாரம் மொத்தமாகத் தோற்பது, நான்கு வாரம் ஒவ்வோர் ஓட்டையோடு ஆடுவதைவிட மோசம் என்று எனக்குத் தோன்றவில்லை. ஆனால் 14ஆம் வாரம் வேறு கதை. பெரும்பாலான லீக்குகளில் பிளேஆஃப் 15ஆம் வாரம் தொடங்கும், அதற்கு முந்தைய வாரம் உள்ளே போவோமா வெளியே நிற்போமா என்று தொங்கிக்கொண்டிருப்போம். 2024இல் ரேவன்ஸுக்கு ஓய்வு அந்த வாரம்தான். லமார் ஜாக்சனையும் டெரிக் ஹென்றியையும் சேர்த்து வைத்திருந்தவர் இதை ஆகஸ்டிலேயே பார்த்திருக்க வேண்டும். அட்டவணை மே மாதமே வந்துவிடுகிறது.

டிராஃப்ட் ஓடும்போது உங்கள் அணியை மட்டும் பார்த்துக்கொண்டிருக்காதீர்கள், பக்கத்து அணிகளையும் பாருங்கள். ரவுண்டுக்கு ரவுண்டு வரிசை தலைகீழாகத் திரும்பும் ஸ்னேக் டிராஃப்ட்டில் 11ஆவது இடம் உங்களுடையது என்றால், திரும்புமுனையில் 12ஆவது ஆள் அடுத்தடுத்து இரண்டு பேரை எடுத்த பிறகு உங்கள் முறை வரும். அவரிடம் ஏற்கெனவே டைட் எண்ட் இருந்தால், உங்களுக்குப் பிடித்த டைட் எண்டை இப்போது எடுக்க அவசரமில்லை, முதலில் ரன்னிங் பேக்கை எடுங்கள். அவர் மனசு மாறினால் போச்சு, ஆனால் பெரும்பாலும் மாறாது.

கடைசி இரண்டு ரவுண்டுகளில் கிக்கரும் டிஃபென்ஸும் எடுப்பது சம்பிரதாயம். லீக் விதி கட்டாயப்படுத்தாவிட்டால், முதல் ஆட்டத்துக்குச் சில வாரம் முன்பே டிராஃப்ட் நடந்துவிட்டால், அந்த இரண்டு இடத்திலும் இன்னும் இரண்டு ரன்னிங் பேக்குகளை எடுத்து வையுங்கள். பிரீசீசன் முடிவதற்குள் அதில் ஒருவருக்கு வழி திறந்தாலும் லாபம்தான். திறக்காதவரைக் கழற்றிவிட்டு சீசன் தொடங்குவதற்கு முதல் நாள் கிக்கரைப் பிடித்துக்கொள்ளலாம், அவர் எங்கும் போய்விட மாட்டார்.