அந்தப் பத்து ரூபாய் நாணயம்

சேலம் புதிய பஸ் நிலையத்தில் ஏற்காடு வண்டிகள் நிற்கும் பக்கத்தில் ஒரு பெரியவர் படுத்திருப்பார். கார்த்திகை தீபம் முடிந்ததிலிருந்து தினமும் பார்க்கிறேன். அவர் போர்த்தியிருப்பது போர்வை அல்ல, ஒரு கல்யாண பிளக்ஸ் பேனர். மணமகனும் மணமகளும் வெளிப்பக்கம் சிரித்துக்கொண்டிருப்பார்கள். அவர் புரளும்போதெல்லாம் அது மொடமொடவென்று சத்தம் போடும். காற்றைத் தடுக்குமே தவிர, பேனரில் சூடு தங்காது. உள்ளே மூச்சுக்காற்று நீராகப் படிந்து, விடிவதற்குள் அவருடைய சட்டை நனைந்திருக்கும்.

நான் மலையில் ஒரு பள்ளியில் ஆசிரியை. காலை ஐந்தரை வண்டியைப் பிடித்தால்தான் இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறி நேரத்துக்குப் போய்ச்சேர முடியும். மார்கழி பிறந்து நான்காம் நாள், அரையாண்டுத் தேர்வு நடந்துகொண்டிருந்தது. கையில் விடைத்தாள் கட்டு. பெரியவர் எழுந்து உட்கார்ந்து, "ஒரு டீக்குக் காசு கொடு கண்ணு" என்றார்.

பர்ஸில் பத்து ரூபாய் நாணயம் ஒன்று இருந்தது. எடுத்துக் கொடுத்தேன். அவர் அதை விளக்கு வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்துவிட்டு என்னிடமே நீட்டினார். "நோட்டாக இருந்தால் கொடு கண்ணு. இதை வாங்க மாட்டார்கள்."

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. கேட்கிறவர், கொடுத்ததை வாங்கிக்கொள்ள வேண்டியதுதானே என்று நினைத்தேன். "செல்லும் தாத்தா, போய்க் கேளுங்கள்" என்றேன். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளிடம் பேசுகிற அதே அதட்டல் குரல்.

அவர் எழுந்து போனார். டீ பன்னிரண்டு ரூபாய். மேலே வேண்டிய இரண்டு ரூபாய் அவர் மடியிலேயே இருந்தது. டீக்கடைக்காரர் நாணயத்தைத் தொடக்கூட இல்லை. பாலை ஆற்றிக்கொண்டே தலையை மட்டும் ஆட்டினார். பெரியவர் திரும்பி வந்து, ஒரு வார்த்தையும் பேசாமல் என் முன்னால் நின்றார்.

நான் அவரையும் அழைத்துக்கொண்டு போய், அதே நாணயத்தோடு இரண்டு ரூபாயைச் சேர்த்து வைத்தேன். கடைக்காரர் எடுத்துக் கல்லாவில் போட்டுவிட்டு, "டீச்சருக்குச் சர்க்கரை குறைவாகத்தானே?" என்று கேட்டார்.

"எனக்கில்லை, இவருக்கு" என்றேன்.

ஒரு நிமிடத்துக்கு முன்பு செல்லாமல் இருந்த அதே நாணயம்தான். கை மாறியதும் செல்லுபடியாகிவிட்டது.

பத்து ரூபாய் நாணயம் 14 வடிவங்களில் இருக்கிறது, எல்லாமே செல்லும் என்று ரிசர்வ் வங்கி 2018 ஜனவரியிலேயே அறிவித்துவிட்டது. ஆனாலும் நம் பக்கத்தில் பல கடைகளில் இன்னும் வாங்குவதில்லை. அதனால் என்ன நடக்கிறது என்று அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. கடையில் தள்ள முடியாத நாணயத்தைக் கோயில் உண்டியலில் போடுகிறோம், அல்லது கையேந்துகிறவரிடம் கொடுக்கிறோம். பெரியவர் டீயைக் குடித்துவிட்டு வேட்டி முடிச்சை அவிழ்த்துக் காட்டினார். அப்படிப் பதினொரு நாணயங்கள். நூற்றுப் பத்து ரூபாயை இடுப்பில் கட்டிக்கொண்டு, ஒரு டீக்கு வழியில்லாமல் அந்த மனிதர் பனியில் உட்கார்ந்திருந்தார். நோட்டாக மாற்றிக் கொடுத்தேன். அந்த நாணயங்களில் சிலவற்றைத்தான் அன்று டிக்கெட்டுக்குக் கொடுத்தேன். கண்டக்டர் மறுபேச்சில்லாமல் வாங்கிக்கொண்டார்.

இதைப் படிக்கும் சிலர் "பாத்திரம் அறிந்து பிச்சையிடு" என்ற பழமொழியைச் சொல்வீர்கள். நானும் சொன்னவள்தான். அதைச் சொல்லி நான் என்ன செய்தேன் என்பதையும் எழுதிவிடுகிறேன்.

மூன்று வருடங்களுக்கு முன்பு, இப்போது போலவே ஒரு தை மாதத்தில், ஒரு அம்மாள் என்னிடம் வந்தார். பை திருட்டுப் போய்விட்டது, ஆத்தூருக்குப் போகப் பணம் வேண்டும் என்றார். நான் விசாரணை நடத்தினேன். ஆத்தூரில் எந்தத் தெரு? யார் வீட்டுக்குப் போகிறீர்கள்? போன் நம்பர் சொல்லுங்கள். போலீஸில் சொன்னீர்களா? அதோடும் நிற்கவில்லை. "டவுன் பஸ்ஸில்தான் பெண்களுக்குக் கட்டணம் கிடையாதே, அயோத்தியாபட்டணம் வரைக்கும் அதிலே போய்விடுங்கள், அங்கிருந்து யாரிடமாவது கேட்டுக்கொள்ளலாம்" என்று யோசனையும் சொன்னேன். பக்கத்தில் நின்றவர்கள் தலையசைத்தார்கள். பத்து காசுகூடக் கொடுக்காமல் புத்திசாலி என்று பெயர் வாங்கிக்கொண்டேன்.

அடுத்த வாரம் அதே அம்மாள் இன்னொருவரிடம் தர்மபுரிக்குப் பணம் கேட்டுக்கொண்டிருந்தார். பார்த்தீர்களா, நான் அன்றைக்கே சொன்னேன் என்று ஆசிரியர் அறையில் எல்லோரிடமும் சொன்னேன். ரொம்ப நாள் சொல்லிக்கொண்டிருந்தேன். அந்த அம்மாள் காலில் செருப்பு இல்லை என்பதை மட்டும் ஒருமுறைகூடச் சொன்னதில்லை. அது அன்றே கண்ணில் பட்டதுதான். கதைக்கு ஒத்துவராது என்று விட்டுவிட்டேன்.

பசிக்கிறது, காசு கொடு என்று நேராகக் கேட்டால் "கை கால் நன்றாகத்தானே இருக்கிறது, வேலை செய்து பிழை" என்கிறோம். வழிச்செலவு என்று கேட்டால் கொஞ்சம் காது கொடுக்கிறோம். ஊர்ப் பெயரோடு ஒரு கதையைத் தயார் செய்துகொண்டு வரும்படி ஆக்கியது நாம்தான். பிறகு அந்தக் கதை பொய் என்று கண்டுபிடித்துத் தோளைத் தட்டிக்கொள்வதும் நாம்தான்.

இதே தை மாதத்தில் இன்னொரு கையேந்தலும் நடக்கிறது. பழநிக்குப் பாதயாத்திரை போகிறவர்கள் மடிப்பிச்சை எடுப்பது. மஞ்சள் உடுத்தி, முந்தானையை ஏந்தி, வீடு வீடாக வந்து நிற்பார்கள். எங்கள் தெருவில் இரண்டு மாடி வீட்டுக்காரப் பெண்மணி போன வாரம் வந்தார். நான் உள்ளே ஓடிப்போய் அரிசியும் ஐம்பது ரூபாயும் கொண்டுவந்து இரண்டு கைகளாலும் போட்டேன். போட்ட கையால் கும்பிட்டேன். உங்களுக்கு எதற்கம்மா பணம், வீட்டு வாடகையே நிறைய வருமே என்று கேட்கவில்லை. கேட்கத் தோன்றவும் இல்லை. அதுதான் சரி. வேண்டுதல் என்று வந்தவரிடம் கணக்குக் கேட்பது நம் வழக்கமில்லை. சிறுவயதில் குடுகுடுப்பைக்காரர் விடியுமுன்னே வந்து நல்ல காலம் சொல்லிவிட்டுப் போவார். வெயில் ஏறியதும் அவர் திரும்பி வரும்போது பழைய துணியும் அரிசியும் வாசலில் எடுத்து வைத்திருப்போம். அவரிடமும் யாரும் விசாரணை நடத்தியதில்லை.

என் அம்மாவும் மடிப்பிச்சை எடுத்திருக்கிறார், எனக்காக. எனக்கு ஏழு வயதில் காய்ச்சல் முற்றி, பிழைப்பேனா என்று இருந்ததாம். அப்போது அம்மாப்பேட்டையில் இருந்தோம். அப்பாவுக்குத் தறி வேலை. அடைமழை பிடித்தால் தறியில் ஏற்றும் பாவு நூல் காயாது, தெருவில் பாவு ஓட்டவும் முடியாது. அந்த நாட்களில் முதலாளியிடம் முன்பணம் கேட்டு நிற்பது அப்பாவுக்குப் பழகிப்போன ஒன்று. அம்மாவோ யாரிடமும் எதுவும் கேட்காதவர். தெரிந்த தெரு, தெரிந்த மனிதர்கள், சாமி காரியம். அப்படியிருந்தும் ஏழு வீடு போய் வருவதற்குள் உடம்பெல்லாம் நடுங்கிவிட்டது என்பார். "கையை நீட்டும்போது எவ்வளவு பிடித்து வைத்தாலும் கண் தரைக்குப் போய்விடுகிறது. யார் போட்டார்கள், என்ன போட்டார்கள் என்றே தெரியவில்லை" என்று பல வருடம் கழித்துச் சொன்னார். தெய்வத்தின் பெயரைச் சொல்லி, ஒரே ஒரு காலை கேட்டதற்கே அப்படி. பஸ் நிலையத்தில் ஒவ்வொரு நாளும், ஒரு பெயரும் சொல்லாமல் கேட்கிறவருடைய கண் எங்கே போகும் என்று நான் யோசித்ததே கிடையாது.

அரசாங்கம் பார்த்துக்கொள்ளும், நாம் எதற்கு என்பார்கள் சிலர். அரசாங்கத்தின் கையில் முதலில் இருப்பது சட்டம். நம் மாநிலத்தில் பிச்சையெடுப்பதைத் தடுக்கும் சட்டம் 1945-ல் வந்தது, சுதந்திரத்துக்கும் முன்பு. ரயிலில் கையேந்தினால் 1989 ரயில்வே சட்டத்தின் 144-ஆம் பிரிவுப்படி ஓராண்டு வரை சிறையோ 2,000 ரூபாய் வரை அபராதமோ விதிக்கலாம் என்று முன்பு இருந்தது. அந்த இரண்டாயிரம் இருந்தால் அவர் ஏன் ரயிலில் கேட்கப்போகிறார்? டெல்லி உயர் நீதிமன்றம் 2018-ல், அங்கே பிச்சையெடுப்பதைக் குற்றமாக்கிய பிரிவுகளை ரத்து செய்தது. 2021-ல் கொரோனா காலத்தில், சிக்னலில் கையேந்துகிறவர்களை அப்புறப்படுத்த வேண்டும் என்ற கோரிக்கை உச்ச நீதிமன்றம் வரை போனது. வேறு வழியில்லாமல்தான் மனிதர்கள் தெருவுக்கு வருகிறார்கள் என்று சொல்லி, தடை விதிக்க நீதிபதிகள் மறுத்துவிட்டார்கள். அந்தச் செய்தியைப் படித்தபோது எனக்கு நிம்மதியாக இருந்தது.

முதியோர் உதவித்தொகை 2023-லிருந்து மாதம் 1,200 ரூபாய். நல்ல விஷயம், அதைக் குறைத்துப் பேசமாட்டேன். ஒரு நாளைக்கு நாற்பது ரூபாய் ஆகிறது. அதுவும் ஆதார், முகவரி, வங்கிக் கணக்கு எல்லாம் இருக்கிறவருக்கு. நம் பெரியவருக்கு முகவரி, பிளக்ஸ் பேனர் விரிக்கும் இடம்தான்.

"சேலத்தில் என்ன பெரிய குளிர்" என்றும் கேட்பார்கள். இது டெல்லிக் குளிர் இல்லைதான். ஆனால் தைப்பனி தரையைத் துளைக்கும் என்று நம் பெரியவர்கள் சொன்னது சிமென்ட் தரையில் படுத்துப் பார்த்தால் புரியும். நாம் ஜன்னலைச் சாத்தி, மின்விசிறியை நிறுத்திவிட்டுப் போர்த்திக்கொண்டு படுத்து, இந்த வருடம் பனி சுகமாக இருக்கிறது என்கிறோம். வெறும் வயிற்றோடு எழுபது வயதில் படுத்திருக்கிறவருக்கு இந்த ஊர்ப் பனியே தாராளமாகப் போதும்.

மலையில் குளிர் இன்னும் கடுமை. அங்கே ஏரிக்கரைப் பக்கம் ஒரு பாட்டி நான்கு ஆரஞ்சுப் பழங்களை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். காபித் தோட்டத்தில் பழம் பறித்துக் காய்த்துப்போன விரல்கள். வேலை நின்றதும் தோட்டத்து வீட்டையும் காலி செய்துவிட்டுத் தங்கை வீட்டுத் திண்ணைக்கு வந்தவர். பனியைப் படம்பிடிக்க வந்திருக்கும் சுற்றுலாக்காரர்களிடம் "பழம் வாங்கிக்கோ சாமி" என்பார். பலர் பழத்தை வாங்காமல் பத்தோ இருபதோ கொடுத்துவிட்டுப் போவார்கள். ஒருநாள் ஒரு குடும்பம் நூறு ரூபாய் கொடுத்து நான்கையும் எடுத்துக்கொண்டு போய்விட்டது. பாட்டி சந்தோஷப்படவில்லை. வெறும் மடியோடு உட்காரக் கூச்சப்பட்டு, அந்தக் குளிரில் எழுந்து நடந்து, கடையில் மறுபடி நான்கு பழம் வாங்கிக்கொண்டு வந்து உட்கார்ந்தார். அவரை யாரும் பிச்சைக்காரி என்று சொல்லிவிடக் கூடாது. அதற்காகத்தான் அந்த நான்கு பழமும். அன்றிலிருந்து நான் ஒன்றே ஒன்றுதான் வாங்குகிறேன்.

ஒரு இடத்தில் மட்டும் நான் காசு கொடுப்பதில்லை. சேலம் ஐந்து ரோடு சந்திப்பு போன்ற இடங்களில் தூங்குகிற குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு வரும் சின்னப் பிள்ளைகளுக்கு. குழந்தைகளைப் பிச்சையெடுக்க வைப்பவர்களுக்கு 2015 இளைஞர் நீதிச் சட்டப்படி ஐந்து ஆண்டு வரை சிறை உண்டு. அங்கே குழந்தைகள் உதவி எண் 1098-ஐ அழைக்கிறேன், இரண்டு முறை அழைத்திருக்கிறேன். அந்தப் பிள்ளை கையில் விழும் காசு அந்தப் பிள்ளைக்குப் போகாது. இதில் எனக்குத் தயக்கம் இல்லை.

பெரியவர்கள் விஷயம் வேறு. அவர்களிடம் இப்போது எதுவும் கேட்பதில்லை. இருந்தால் கொடுக்கிறேன். இல்லாவிட்டால் நின்று, முகத்தைப் பார்த்து, "இன்றைக்கு இல்லைங்க ஐயா" என்கிறேன். போனைப் பார்ப்பதுபோல் தலையைக் குனிந்துகொண்டு கடந்துபோவதை விட்டுவிட்டேன். குடித்துவிடுவாரோ என்ற கேள்வி எனக்கும் வரும். வந்தால் வரட்டும். கொடுத்த பத்து ரூபாய்க்கு ஒரு மனிதருடைய மாலை நேரத்தையும் சேர்த்து நான் வாங்கிவிடவில்லை.

பொங்கல் லீவு முடிந்து பள்ளி திறந்த அன்று பெரியவருக்குப் புதுக் கம்பளிப் போர்வை ஒன்று வாங்கிக் கொடுத்தேன். தடவித் தடவிப் பார்த்தார். நான்காம் நாள் காலையில் போனால் மறுபடியும் மணமகனும் மணமகளும். "போர்வை எங்கே தாத்தா" என்ற கேள்வி நாக்கின் நுனி வரை வந்துவிட்டது. விழுங்கிக்கொண்டு டீ வாங்கப் போனேன். டம்ளரை இரண்டு கைகளாலும் பிடித்துக் கன்னத்தில் ஒற்றிக்கொண்டு, அவராகவே சொன்னார்.

"புதுசு இங்கே நிற்காது கண்ணு. எவன் எடுத்தானோ. பழசாக இருந்தால் கொண்டு வா, யாரும் தொட மாட்டார்கள்."

அம்மாவின் பவானி ஜமக்காளம் ஒன்று பரண்மேல் கிடக்கிறது. ஓரம் பிரிந்து, நிறம் மங்கிப்போனது. இன்று சாயங்காலம் இறக்கி, வெயில் இல்லாவிட்டாலும் மொட்டை மாடியில் உதறிக் காயப்போட்டிருக்கிறேன். நாளை ஐந்தரை வண்டிக்குப் போகும்போது எடுத்துக்கொண்டு போகிறேன்.